குளிரில் மங்கும் விலைச்சீட்டு

கடையில் விலை எழுதி வைப்பது சின்ன வேலைதான். ஆனால் அந்தச் சின்ன வேலை பிழைத்தால் வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிய வேண்டி வரும். கடந்த வருடம் எனக்கு அப்படியொரு சங்கடம் ஏற்பட்டது. மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் அதை இங்கே எழுதுகிறேன்.

மகனின் யோசனைப்படி எமது கடை இறாக்கைகளில் இலத்திரனியல் விலைச்சீட்டுகளைப் பொருத்தினோம். கணினியில் விலையை மாற்றினால் இறாக்கையில் உள்ள சீட்டிலும் அது தானாக மாறிவிடும். அடிக்கடி விலை மாறும் இக்காலத்தில் இது பெரிய உதவி. இறாக்கைகளில் ஒரு குறையும் இருக்கவில்லை. மிச்சமிருந்த சீட்டுகளை டீப் ப்ரீசருக்குள்ளும் மாட்டினோம். "எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் ஹாஜியார்" என்று விற்க வந்த தம்பி சொல்லியிருந்தார்.

ஒரு நாள் ஒரு பெண்மணி சொசேஜஸ் பக்கட் ஒன்றை எடுத்து வந்தார். பில்லில் 680 ரூபா விழுந்தது. "சீட்டில் 630 என்றுதானே போட்டிருக்கு நானா?" என்றார். போய்ப் பார்த்தேன். முதல் நாள் இரவுதான் விலையை 630இலிருந்து 680ஆக மாற்றியிருந்தோம். ஆனால் 8இன் இடப்பக்கக் கோடுகள் கறுக்காமல் மங்கி நின்றன. யார் பார்த்தாலும் 3 என்றுதான் வாசிப்பார்கள். 630 ரூபாவுக்கே கொடுத்தனுப்பினேன். 50 ரூபா நட்டம் பெரிதல்ல. ஒரு விலையைக் காட்டி இன்னொரு விலையை அடிக்கும் கடை என்று பெயர் வாங்கினால் அதைத் துடைக்க எத்தனை வருடம் ஆகும்? விலையைக் காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எம்மீது சுமத்தியுள்ள கடமையும் ஆகும்.

சீட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து மகன் அதே விலையை மறுபடி அனுப்பினார். 680 பளிச்சென்று தெரிந்தது. திரும்ப ப்ரீசருக்குள் வைத்தோம். அப்போதும் தெளிவாகவே இருந்தது. அடுத்த முறை விலையை மாற்றியபோது மீண்டும் மங்கியது. அப்படியென்றால் குளிர் எழுத்தை அழிக்கவில்லை, எழுதும் வேலையைத்தான் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டேன். அதன் பிறகு விடயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன்.

இந்தச் சீட்டின் முகப்பை இலத்திரனியல் காகிதம் என்கிறார்கள். 1997இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட ஈ இங்க் கம்பனி வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. 2007இல் வெளிவந்த கிண்டில் வாசிப்புக் கருவியிலும் இதுவே இருந்தது. முகப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் ஒரு திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிரான மின்னேற்றம் உண்டு. மின்சாரம் கொடுக்கும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். பின்னர் மின்சாரம் இல்லாமலே எழுத்து அப்படியே நிற்கும். அதனால்தான் பட்டன் போன்ற சிறிய பெட்டரிகளில் இது வருடக்கணக்கில் இயங்குகிறது.

நுவரெலியாக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து போத்தலை விட்டு இறங்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழில் இருப்பது தேங்காய் எண்ணெய் அல்ல. ஆனாலும் குளிரில் அந்தத் திரவமும் தடிக்கிறது. துகள்கள் மெதுவாக நகர்கின்றன. வழமையான நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்தால் அவை பாதி வழியில் நின்றுவிடும். எழுத்து மங்கும், பழைய எழுத்தின் நிழலும் தங்கும். சூட்டில் இதற்கு நேர்மாறு. துகள்கள் வேகமாக ஓடுவதால் மின்சாரத்தைக் குறைந்த நேரமே கொடுக்க வேண்டும்.

இதற்காகவே சீட்டுக்குள் வெப்பநிலையை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. இத்தனை பாகைக்கு மின்சாரத்தை இப்படிக் கொடு என்ற அட்டவணையும் அதில் பதியப்பட்டிருக்கும். குளிரென்றால் நீண்ட நேரம் கொடுக்கும். ஆனால் அட்டவணைக்கும் எல்லை உண்டு. சாதாரண ரகச் சீட்டுகள் பெரும்பாலும் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரைக்குமே செய்யப்பட்டவை. எமது ப்ரீசரோ பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை. குளிர்பெட்டிகளுக்கென்றே, பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை வரை தாங்கும் ரகம் தனியாக விற்பனையில் உண்டு. அதை எமக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் சில விடயங்களைக் கவனியுங்கள். எத்தனை பாகை வரை வேலை செய்யும் என்பதை எழுத்தில் கேளுங்கள். சிவப்பு நிறமும் காட்டும் சீட்டுகள் பொதுவாகக் குளிருக்குக் கூடுதல் நுணுக்கமானவை. ஆகவே ப்ரீசருக்குக் கறுப்பு வெள்ளையே உத்தமம். முடிந்தால் சீட்டைப் பெட்டிக்கு வெளியே சட்டத்தில் மாட்டுங்கள். சூட்டிலிருந்து குளிருக்கோ, குளிரிலிருந்து சூட்டுக்கோ மாற்றிய உடனே விலையை அனுப்பாதீர்கள். உணரியும் முகப்பும் ஒரே வெப்பநிலைக்கு வரச் சற்று நேரம் கொடுங்கள். நிழல் தங்கினால், முகப்பு முழுவதும் கறுத்து வெளுத்துப் புதிதாக எழுதும்படி கட்டளை கொடுக்கலாம். அநேகமாகத் தெளிந்துவிடும். குளிரில் பெட்டரியும் பலம் குறையும் என்பதை மறக்க வேண்டாம். பிற்பகல் வெயில் நேரே படும் முன் இறாக்கையிலும் மாட்டாதீர்கள். சூடும் வெயிலும் முகப்பைக் காலப்போக்கில் கெடுக்கும்.

இப்போது எமது ப்ரீசரில் குளிர்பெட்டி ரகச் சீட்டுகள் இருக்கின்றன. விலை சற்றுக் கூடத்தான். இருந்தாலும் விலை மாற்றிய மறுநாள் காலையில், கடை திறக்கும் முன், நான் ஒவ்வொரு சீட்டையும் என் கண்ணால் வாசித்துப் பார்க்கிறேன். கணினி "மாற்றியாயிற்று" என்று காட்டும். வாடிக்கையாளர் வாசிப்பது கணினியை அல்ல, சீட்டைத்தான்.