ஒரு சீட்டு, பல அடுப்பு

டெல்லியின் துவாரகாவில் ஒரு சிறிய எலக்ட்ரிகல் கடை. 10,000 ரூபாய்க்கு ஒயர் விற்கிறது. வாங்குபவர் துவாரகாவிலேயே வீடு கட்டுபவர் என்றால் 18 சதவீத வரி இரண்டாகப் பிரியும்: மத்திய அரசுக்கு 900, டெல்லிக்கு 900. அதே ஒயர் எக்ஸ்பிரஸ்வே வழியே குருகிராமில் ஒரு கான்ட்ராக்டரின் சைட்டில் இறங்கினால், 1,800 ரூபாயும் ஐஜிஎஸ்டி என்ற ஒரே தலைப்பில் போகும். ஆட்டோவில் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் கணக்கில் அது வேறு மாநிலம்.

கிளவுட் கணக்கு மென்பொருள் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று புரிய, கூட்டம் மொய்க்கும் ஒரு மெஸ்ஸின் சமையலறைக்குள் போகலாம். கல்லாவில் ஒரு சீட்டு எழுதுகிறார்கள். அந்த ஒரே சீட்டைப் பார்த்துத்தான் தோசைக்கல்லில் மாவு விழுகிறது, ஸ்டோரில் இருப்பு குறைகிறது, பில்லில் தொகை ஏறுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கடைக்காரர் பில் போட்டதும் நடப்பது இதேதான். ஒயரின் இருப்பு குறையும், கான்ட்ராக்டரின் பேரேட்டில் 11,800 பற்று ஏறும், விற்பனைக் கணக்கில் 10,000 வரவும் வரிக் கணக்கில் 1,800 வரவும் விழும். பற்றும் வரவும் சமமாக வேண்டும். கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட இரட்டைப் பதிவு முறைதான் இன்றும் உள்ளே ஓடுகிறது.

இதில் கம்ப்யூட்டர் காக்கும் ஒரு ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். பாதிச் சீட்டு அடுப்புக்குப் போய், பாதி வழியில் நின்றுவிடும் பேச்சே இல்லை. எல்லாக் கணக்குகளிலும் பதிவு விழுந்தால்தான் பில் பதிவாகும். நடுவில் மின்சாரமோ இணைப்போ போனால் எதுவுமே பதிவாகாது. கைப்பேரேட்டில் பற்றை எழுதிவிட்டு வரவை மறந்துபோய், மார்ச் மாதம் ராத்திரி முழுக்கத் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

'கிளவுட்' என்பது அந்தச் சமையலறை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய டேலி, சமையலறையைக் கடைக்காரரின் சொந்தக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. சென்னையில் வேரூன்றிய ஸோஹோ 2011-இல் கொண்டுவந்த ஸோஹோ புக்ஸ் போன்றவற்றில் அது வாடகைச் சமையலறை. இந்திய வாடிக்கையாளர்களுக்கான ஸோஹோ டேட்டா சென்டர்கள் மும்பையிலும் சென்னையிலும் இருக்கின்றன. துவாரகாவில் கையிலிருக்கும் போன் பரிமாறும் ஜன்னல்தான், அடுப்பு எரிவது வேறு ஊரில். ஒரே கூடத்தில் ஆயிரக்கணக்கான கடைகளுக்குச் சமையல் நடக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் கடையின் அடையாளம் குத்தப்பட்டிருப்பதால் ஒருவர் அலமாரி இன்னொருவருக்குத் திறக்காது. ஆடிட்டருக்கு ஒரு சாவி, பில் போடும் பையனுக்கு அதைவிடக் குறைந்த உரிமையுள்ள இன்னொரு சாவி.

இனி, குருகிராம் விற்பனைக்கு ஐஜிஎஸ்டி என்று மென்பொருளுக்கு எப்படித் தெரிந்தது? கான்ட்ராக்டரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு. டெல்லிக்கு 07, ஹரியானாவுக்கு 06. அதையும், வாடிக்கையாளர் பதிவிலிருந்து பில்லுக்கு வரும் 'சரக்கு சேரும் மாநிலம்' என்ற கட்டத்தையும் பார்த்து மென்பொருள் வரியைப் பிரிக்கிறது. அந்தக் கட்டத்தில் அவசரத்தில் டெல்லி என்று விழுந்துவிட்டால், உப்பு டப்பாவில் சர்க்கரை கொட்டிய கதைதான்: அந்த வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு தட்டும் கெடும். சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதனால் புது வாடிக்கையாளரைப் பதியும் அந்த இரண்டு நிமிடத்தை முதலாளி பையனிடம் விடக் கூடாது என்பேன்.

கொள்முதல் பக்கம் இன்னும் நுட்பமானது. சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸில் மொத்த வியாபாரியிடம் ஸ்விட்ச் வாங்கி, வரியும் சேர்த்துப் பணம் கொடுத்தாகிவிட்டது. அந்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ள அது போதாது. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்தப் பில்லைக் காட்டியிருந்தால்தான் கழிவு கிடைக்கும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு 11-ஆம் தேதி கெடு. 14-ஆம் தேதி, வாங்கியவருக்கு 2பி என்ற பட்டியல் வருகிறது. 20-ஆம் தேதிக்குள் இவர் 3பி என்ற ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். ஸ்டோருக்கு வந்த மூட்டைகளையும் மளிகைக்காரர் அனுப்பிய பட்டியலையும் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பது போல, மென்பொருள் இவருடைய கொள்முதல் பதிவையும் 2பியையும் பொருத்துகிறது. பில் எண், தேதி, தொகை எதில் பிசகினாலும் தனியே எடுத்துக் காட்டும். ஆனால் மொத்த வியாபாரிக்குப் போன் போடுவது கடைக்காரர் வேலைதான்.

இப்படிப் பொருத்தும்போது பழைய பதிவுகளைத் திருத்த நேரிடும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களின் மென்பொருளில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனிநபர் கடைக்கு அந்த விதி இல்லை. இருந்தாலும் அதை அணைக்காமல் வைப்பது நல்லது.

வாடகைச் சமையலறையின் ஆபத்து ஒன்று உண்டு: உரிமையாளர் கதவைச் சாத்திவிடலாம். இன்டூயிட் நிறுவனம் தன் குவிக்புக்ஸை 2023-இல் இந்தியாவிலிருந்து விலக்கிக்கொண்டது. ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். அந்தப் பொறுப்பு மென்பொருள் கம்பெனியுடையது அல்ல, கடைக்காரருடையது. ஆகவே மாதாமாதம் 3பி தாக்கல் முடிந்த கையோடு பேரேடு, பில்கள், இருப்புப் பட்டியல் மூன்றையும் எக்ஸெல் கோப்புகளாக இறக்கி, சொந்த டிரைவில் ஒரு பிரதியும் ஆடிட்டரிடம் ஒரு பிரதியுமாக வைத்துக்கொள்ள வேண்டும்.