ஷவலின் வாய் எவ்வளவு அகலம்?

காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குக் கிளம்பும் முன் ஐஸ் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாளம் பாளமாக வரும் ஐஸ் கட்டியை இயந்திரத்தில் விட்டு நொறுக்குகிறார்கள். விழுந்ததை ஷவலால் வாரித் தள்ளுகிறார்கள். அந்த ஷவல் முறம்போல அகன்றிருந்தாலும் கை தாங்கிக்கொள்ளும். நொறுங்கிய ஐஸ் குவியலில் கிட்டத்தட்டப் பாதி இடம் காற்றுக்குத்தான். 10 லிட்டர் கொள்ளும் ஷவலில் அது சுமார் 5 கிலோ. அதே அளவு நிலக்கரி என்றால் 8 கிலோ, காய்ந்த மணல் 16, இரும்புத்தாது 25 கிலோவைத் தொட்டுவிடும்.

இந்த வித்தியாசம் போய் விழுவது இடுப்பில். ஷவலில் இருக்கும் சுமை முதுகெலும்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளி நிற்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளோ எலும்பை ஒட்டி 5 சென்டிமீட்டர் தூரத்தில். நெம்புகோல் கணக்குப்படி, 10 கிலோவைத் தூக்க முதுகுத்தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 25 கிலோவுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஷவலில் ஒரு வீச்சுக்கு எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று முதன்முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர். பெத்லஹேம் எஃகு ஆலையில் தொழிலாளிகள் சொந்த ஷவலைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அதிலேயே அள்ளினார்கள். பொடிக்கரி அள்ளினால் ஒரு வீச்சுக்கு 1.6 கிலோ, தாது அள்ளினால் 17 கிலோ. ஒரு வீச்சுக்கு சுமார் 9.5 கிலோ இருந்தால்தான் நாள் முடிவில் அதிகம் அள்ள முடிகிறது என்று டெய்லர் கண்டார். தாதுக்குச் சின்ன ஷவல், கரிக்குப் பெரிய ஷவல் என்று ஆலையே பல வகைகளை வைத்துக் கொடுத்தது. ஆனால் அவர் சோதித்தது தேர்ந்தெடுத்த பலசாலிகளை. எண்ணூர் வெயிலில் நிற்கிற ஒருவருக்கு அந்த 9.5 கிலோவை அப்படியே விதியாக்குவது சரியல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது, சுமையை மாற்றாமல் ஷவலை மாற்று என்ற யோசனையைத்தான். சாம்பலுக்கும் ஜல்லிக்கும் ஒரே ஷவலை நீட்டுகிற மேஸ்திரிகளை இன்றும் பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

அகலம் மட்டும் போதாது, விளிம்பும் முக்கியம். சிமென்ட் தரையில் கொட்டிய கரிக்குத் தட்டையான விளிம்பு. குவியலின் நடுவில் குத்தினால் கட்டிகள் ஒன்றோடொன்று முட்டி வழிவிடாது. அடியில் தரையோடு சரியவிட்டால் ஷவல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இறுகிய மண்ணுக்கு நேர்மாறு: கூர்முனை வேண்டும். அதே விசை சிறிய பரப்பில் இறங்குவதால் அழுத்தம் கூடுகிறது.

நம் மம்முட்டி இன்னொரு தினுசு. மேலைநாட்டு மண்வாரியைக் காலால் மிதித்து இறக்க வேண்டும், அதற்குத் தடித்த பூட்ஸ் வேண்டும். வெறுங்காலோடு வேலை செய்கிற மண்ணில், ஓங்கி விழும் தகட்டின் வேகமே அந்த மிதியின் வேலையைச் செய்துவிடுகிறது. தகடு காம்பை நோக்கி வளைந்திருப்பதால், வெட்டிய மண்ணைத் தன் பக்கம் இழுத்துப் பாண்டில் தள்ளவும் வசதி. காம்பு குட்டையானால் மட்டும் குனிவு கூடி முதுகு போய்விடும்.

எந்த ஷவலும் உதவாத நாளும் வந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர் கரையில் ஒதுங்கியது. அலை அடித்து அடித்துத் தண்ணீர் எண்ணெய்க்குள் கலந்தால் அது தார்க்குழம்பாகத் தடித்துவிடும். உறிஞ்சு குழாய்கள் திணறின. தட்டையான ஷவலில் எடுத்தால் ஓரத்தில் வழிகிறது, வழியாதது தகட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. கரையில் போட்டிருந்த பாறைகளின் இடுக்கில் தகடு நுழையவும் இல்லை. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளிகளைக் கைமாற்றினார்கள். வாளியின் அடியில் ஒட்டியதை வழித்தெடுக்கக் கையைத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது.