டோக்கன் கைக்கு வரும்வரை

மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் வழியாக மணியாச்சிக்குப் போகிற ரயில் பாதை நெடுங்காலம் ஒற்றைப் பாதை. கரிசல்காட்டின் நடுவே ஒரே தண்டவாளம். இரண்டு திசையிலும் வண்டிகள். நேருக்கு நேர் வந்துவிடாமல் இருக்க, நம் ஒற்றைப் பாதைகளில் பரவலாக இருந்த ஏற்பாடு டோக்கன். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் கம்பியால் இணைந்த இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்றிலிருந்து ஒரு உலோகப் பந்தை எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை எந்தப் பக்கமும் இன்னொரு பந்து வராது. அதைத் தோல்பையில் போட்டு, வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். டோக்கன் இல்லையென்றால் வண்டி நிற்க வேண்டியதுதான்.

ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைச்சரடுகளான த்ரெட்களுக்கும் இதே பாடுதான். விற்ற டிக்கெட் எண்ணிக்கை 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் த்ரெட் 40-ஐப் படிக்கிறது. அது 41 என்று எழுதுவதற்குள் இரண்டாவதும் அதே 40-ஐப் படித்துவிடுகிறது. இரண்டும் 41 என்றே எழுதும். விற்றது இரண்டு, கணக்கில் ஏறியது ஒன்று. ஆயிரம் தடவை சரியாக ஓடிவிட்டு ஒருநாள் மட்டும் இப்படித் தப்பாகும் என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். இதற்கான டோக்கன்தான் மியூட்டெக்ஸ்: ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டிடம் மட்டும் இருக்கும். ஒன்றுக்குப் பதில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை அனுமதித்தால் அது செமஃபோர். நெதர்லாந்தின் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களில் கொண்டுவந்தது. பெயரே ரயில்வே கைகாட்டியிலிருந்து வாங்கியதுதான்.

சரி, டோக்கன் கிடைக்காத த்ரெட் என்ன செய்யும்? ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே சுற்றினால் ப்ராசஸர் நேரம் வீண். விண்டோஸில் ‘வெயிட்ஃபார்சிங்கிள்ஆப்ஜெக்ட்’ என்று ஒரு அழைப்பு உண்டு. மியூட்டெக்ஸ், செமஃபோர் போன்ற எந்த ஆப்ஜெக்டுக்காக, எத்தனை மில்லிசெகண்ட் காத்திருப்பது என்று சொல்லிவிட்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த த்ரெட்டை உறங்க வைத்துவிடும். ஆப்ஜெக்ட் விடுபட்டதும், அல்லது கெடு முடிந்ததும், எழுப்பும். நேரம் 0 என்றால் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடும். பலவற்றுக்கு ஒரே நேரத்தில் காத்திருக்கவும் தனி அழைப்பு இருக்கிறது, உச்சவரம்பு 64.

அந்த அழைப்பு தரும் பதிலைப் பார்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. கெடு முடிந்ததால் திரும்பியிருக்கலாம்; அப்போது டோக்கன் உங்களிடம் இல்லை. மியூட்டெக்ஸை வைத்திருந்த த்ரெட் அதை விடுவிக்காமலே முடிந்துபோயிருக்கவும் கூடும். அப்போது டோக்கன் உங்கள் கைக்கு வரும், ஆனால் ‘கைவிடப்பட்டது’ என்ற குறிப்போடு. பாதி எழுதிய கணக்கு உள்ளே கிடக்கலாம், சரிபார்த்த பிறகே தொட வேண்டும்.

ரயில்வேயில் இல்லாத ஆபத்து ஒன்றும் இங்கே உண்டு. அங்கே இரண்டாவது பந்தைக் கருவியே தராது. இங்கே மியூட்டெக்ஸைக் கேட்காமலே ஒரு த்ரெட் நேரே போய் எண்ணிக்கையை மாற்றினால் தடுக்க ஆளில்லை. அந்த எண்ணைத் தொடும் ஒவ்வொரு வரியையும் தேடிப் பிடித்து, எல்லாம் பூட்டுக்குள் இருக்கிறதா என்று புரோகிராம் எழுதுகிறவரேதான் பார்க்க வேண்டும்.