கைநாட்டு வைத்த பதினெட்டுப் பேர்

வீட்டிலுள்ள இரும்புச் சட்டி, வாணலி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் உருக்கிவிட்டால் ஒரு நாடு தொழில் நாடாகிவிடுமா? ஆகிவிடும் என்று நம்பிய காலம் ஒன்று சீனாவில் இருந்தது. 1958ஆம் ஆண்டு அது. கிராமத்துக்குக் கிராமம் உலை கட்டி, இரவு பகலாக நெருப்பு மூட்டி, சமையல் சாமான்களைக்கூட உருக்கினார்கள். பதினைந்து ஆண்டுகளில் இங்கிலாந்தை மிஞ்சிவிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஆசை. உருகி வந்ததில் பெரும்பகுதி எதற்கும் உதவாத இரும்புக் கட்டி!

அதே சீனா 2020ஆம் ஆண்டில் நூறு கோடி டன்னுக்கும் மேல் எஃகு உற்பத்தி செய்தது. உலகம் முழுவதும் உருவான எஃகில் அது பாதிக்கும் அதிகம். சட்டியை உருக்கிய நாடு இப்படி மாறியது எப்படி? இது தலைவர்களின் கதை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். காலையில் மணிச் சத்தம் கேட்டு வேலைக்குப் போன ஏழை உழவர்களின் கதையும்கூட.

மணி அடித்தால் வேலை

1949 அக்டோபர் 1ஆம் நாள் மா சே துங் தலைமையில் மக்கள் சீனக் குடியரசு பிறந்தது. போரில் நொறுங்கிக் கிடந்த நாடு. அந்த ஆண்டு அங்கே கிடைத்த எஃகு சுமார் 158,000 டன்தான். ரஷ்யாவின் உதவியோடு 1953ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. பெரிய பெரிய ஆலைகள் எழுந்தன. 1956ல் வடகிழக்கே சாங்சுன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து சீனாவில் செய்த லாரி வெளிவந்தது. இதையெல்லாம் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால், இந்த ஆலைகளுக்கு முதல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உழவரின் வயலிலிருந்துதான். விளைந்த தானியத்தை அரசாங்கம் தான் வைத்த குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டது. 1958ல் நிலமெல்லாம் 'கம்யூன்' என்னும் கூட்டுப் பண்ணைக்குள் போயிற்று. பெரட்டுக்கு மணி அடிப்பது போல் அங்கேயும் மணி அடிக்கும். எல்லோரும் கூட்டமாக வயலுக்குப் போவார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே புள்ளி எழுதுவார்கள். முதுகு ஒடிய உழைத்தவனுக்கும், மண்வெட்டியில் சாய்ந்து நின்றவனுக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளி. வேலையில் மனம் எப்படி ஒட்டும்?

உலை மூட்ட ஆட்கள் போய்விட்டதால் அறுவடைக்கு ஆள் இல்லை. மேலிடத்தைத் திருப்திப்படுத்த அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்கு கூட்டி எழுதினார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி அரசாங்கம் தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. விளைந்தவன் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை! 1959 முதல் 1961 வரை கொடும் பஞ்சம். மாண்டவர் தொகை ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலவிதமாகக் கணக்கிட்டுள்ளனர். இந்தத் துயரை மறைத்துவிட்டுச் சீனாவின் வளர்ச்சியைப் பேசுவது நியாயமாகாது.

பிள்ளைகளுக்கு நாங்கள் பொறுப்பு

அன்ஹுய் மாநிலத்தில் ஃபெங்யாங் என்று ஒரு வட்டாரம். பஞ்சம் வந்தால் குடும்பத்தோடு பிச்சையெடுக்கக் கிளம்பும் வட்டாரம் என்று பெயர் பெற்றது. அங்கே ஷியாவ்காங் என்னும் சிற்றூர். 1978 நவம்பரில் ஓரிரவு, அவ்வூர் உழவர்கள் பதினெட்டுப் பேர் ஒரு மண் வீட்டில் இரகசியமாகக் கூடினார்கள். கூட்டு நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வது, அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதைச் செலுத்திவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள்.

அன்றைய சட்டப்படி இது பெருங்குற்றம். அதனால் இன்னொரு வரியும் சேர்த்தார்கள். இதற்காக நம்மில் யாராவது சிறைக்குப் போனாலோ உயிரை விட்டாலோ, அவர்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது என்பதே அது. படிப்பறியாத ஏழைகளின் நெஞ்சுரத்தைப் பாருங்கள்!

அடுத்த ஆண்டு அவ்வூரில் விளைந்த தானியம் சுமார் 66 டன். 1966 முதல் 1970 வரை ஐந்து ஆண்டுகளில் விளைந்தது எல்லாம் சேர்ந்தால்தான் அவ்வளவு வரும் என்கிறது ஊர்க் கணக்கு. மண் அதே மண், ஆட்களும் அதே ஆட்கள். மிஞ்சுவது தன் வீட்டுக்கு என்ற நம்பிக்கை ஒன்றுதான் புதிது. மாநிலத் தலைவராக இருந்த வான் லீ இதைத் தடுக்கவில்லை; ஆதரித்தார். சில ஆண்டுகளில் நாடெங்கும் இதே முறை வந்தது. நிலம் ஊர்ப் பொதுவாகவே இருந்தது. பயிர் செய்யும் உரிமை குடும்பத்துக்கு வந்தது. 1978ல் 30 கோடி டன்னாக இருந்த சீனாவின் தானிய விளைச்சல் 1984ல் 40 கோடி டன்னைத் தாண்டியது.

வயலிலிருந்து ஆலைக்கு

வயிறு நிறைந்தது. கையில் நாலு காசு மிஞ்சியது. வயலுக்குத் தேவைப்படாத ஆட்களும் மிஞ்சினார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கிராமங்களிலேயே செங்கல் சூளை, துணி ஆலை, சிறு இயந்திரப் பட்டறை என்று தொடங்கினார்கள். செஜியாங் மாநிலத்தின் சியாவ்தோ என்னும் சிற்றூர் சட்டைப் பொத்தான் செய்தே உலகப் புகழ் பெற்றது. இத்தகைய கிராமத் தொழில்களில் 1978ல் வேலை செய்தவர்கள் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேர். 1996ல் அது பதின்மூன்றரைக் கோடி!

இன்னொரு பக்கம், டெங் சியாவ்பிங் கதவைத் திறந்தார். ஷியாவ்காங் உழவர்கள் கைநாட்டு வைத்த அதே நவம்பரில் அவர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனார் என்பது நமக்குச் சுவையான செய்தி. வெளிநாட்டு முதலை வரவழைக்க 1980ல் ஷென்சென், சூஹாய், ஷாந்தோ, சியாமென் ஆகிய நான்கு இடங்களில் சிறப்புப் பொருளாதார வட்டாரங்கள் அமைந்தன. நம் பினாங்கில் 1972லேயே பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் இருந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஏறக்குறைய அதே வழிதான். சிங்கப்பூரின் முன்னாள் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ 1985ல் சீனக் கடலோர வட்டாரங்களின் வளர்ச்சிக்கு ஆலோசகராகவும் அமர்ந்தார். வயலும் மீன்பிடிப்புமாக இருந்த ஷென்சென்னில், 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1 கோடியே 75 லட்சம்!

2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2010ல் ஜப்பானை முந்தி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமானது. நாற்பது ஆண்டுகளில் சுமார் 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி கூறுகிறது. இதில் நமக்கும் பங்குண்டு. உலகிலேயே மிக அதிகமாக ரப்பரைப் பயன்படுத்துவது சீனாதான். மலேசிய இயற்கை ரப்பரை அதிகம் வாங்குவதும் அந்நாடே.

வியர்வையின் விலை

கடலோர ஆலைகளில் வேலை செய்தவர்கள் யார்? கிராமத்திலிருந்து ரயிலேறி வந்த பிள்ளைகள். அவர்களில் இளம் பெண்கள் ஏராளம். ஒரே அறையில் பலர் படுத்து, ஓவர்டைம் பார்த்து, சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார்கள். 1993 நவம்பரில் ஷென்சென்னில் ஒரு பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றியது. சன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. 87 பேர் மாண்டார்கள். நம் பிள்ளைகள் ஆசையோடு தூக்கி விளையாடும் பொம்மைகளுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை.

சீனாவில் குடும்பப் பதிவு முறை ஒன்று உண்டு. கிராமத்தில் பதிவானவர் பட்டணத்தில் பல ஆண்டுகள் உழைத்தாலும், அந்தப் பட்டணத்துப் பள்ளிக்கூடமும் மருத்துவச் சலுகையும் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் கிராமத்தில் வளர்ந்தார்கள். அம்மா அப்பாவை ஆண்டுக்கு ஒருமுறை, சீனப் பெருநாளுக்குப் பார்த்தால் உண்டு. பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாமல் அலைந்த நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. அண்மைக் காலமாகச் சில விதிகள் தளர்ந்திருக்கின்றன. முறை முழுவதும் நீங்கிவிடவில்லை.

இரண்டு காலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1958ல் மேலிருந்து ஆணை வந்தது. சட்டி உருகியது, வயிறு காய்ந்தது. 1978ல் உழைத்தவனின் பங்கு அவன் கைக்கு வந்தது. வயலும் செழித்தது, ஆலையும் எழுந்தது. பங்கு கிடைக்காத இடத்தில், வானளாவிய கட்டடங்களின் நிழலிலேயே கண்ணீரும் இருந்தது. முன்னேற்றத்தைப் பற்றி யார் எவ்வளவு பெரிய கணக்குக் காட்டினாலும், உழைத்தவன் வீட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது, அவன் பிள்ளை எங்கே படிக்கிறது என்ற இரண்டு கேள்விகளை நாம் கேட்கத் தவறக்கூடாது. அந்தக் கேள்விகள் சீனாவுக்கு மட்டுமல்ல, எந்த நாட்டுக்கும் பொருந்தும்.