கடலடி காணச் செல்வோர்க்கு

கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தும், கடலின் மேற்பரப்பையன்றி அதன் உட்புறத்தைக் கண்டறியாதோர் நம்மிற் பலர். வன்னியில் வாழும் நாம் குளத்து நீரை நன்கறிவோம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களிற் கைகால் அடித்துப் பழகியவர்கள் நம் கல்லூரியில் எக்காலத்தும் உளர். ஆயினும், குளத்திற் கற்ற நீச்சல் கடலுக்குப் போதும் என்று எண்ணுவது பெருந்தவறாகும். இதனை நான் மாணவப் பருவத்திலேயே கண்ணாரக் கண்டேன்.

ஒரு மார்கழி விடுமுறையில் வகுப்புத் தோழர் சிலர் கூடி நிலாவெளிக்குச் சென்றோம். எம்முள் நீச்சலில் வல்லவர் ஒருவர் அலைக்கு அப்பாற் சென்று மீள முடியாது தத்தளித்தார். அவர் கரையை நோக்கி நீந்த நீந்த, நீரோட்டம் அவரைப் பின்னே இழுத்தது. கரையில் வலை திருத்திக்கொண்டிருந்த கடற்றொழிலாளர் இருவர் வள்ளத்தைத் தள்ளிச் சென்று அவரை மீட்டனர். அன்று தொட்டு எம்மிற் பலர் கடலை அஞ்சியே வாழ்ந்தோம்.

அத்தோழர் இப்பொழுது கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்கிறார். அண்மையில் அவரிடமிருந்து வந்த மடல் என்னை வியப்பில் ஆழ்த்தியது. முதுமையை எட்டிய பின், கரிபியன் கடலிலுள்ள பொனயர் என்னுந் தீவிலே முறையாகச் சுழியோடக் கற்றுக்கொண்டாராம். விழாவுக்கு வரும்பொழுது பேரப்பிள்ளைகளையும் அழைத்து வருவதாகவும், தம்மை விழுங்கப் பார்த்த கடலின் உட்புறத்தை அவர்களுக்குக் காட்ட விரும்புவதாகவும், குறைந்த செலவில் அதனைச் செய்யும் வழி யாதென்றும் வினவியிருந்தார். இவ்வினா நம் பழைய மாணவர் பலருக்கும் மாணவர்க்கும் பயன்படும் என்று கருதி, விடையை இங்கு எழுதலானேன்.

பொனயர் தீவு சிக்கனத்துக்குப் பெயர் பெற்றதன் காரணத்தை முதலில் நோக்குவோம். அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகின்றது. ஆகவே மேற்குக் கரை ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும். முருகைக் கற்பாறையும் கரைக்கு மிக அண்மையிலேயே தொடங்குகின்றது. சுழியோடும் இடங்கள், பெயர் எழுதப்பெற்ற மஞ்சள் நிறக் கற்களால் வீதியோரத்திற் குறிக்கப்பட்டுள்ளன. படகு வேண்டியதில்லை, கரையிலிருந்து நடந்தே நீரில் இறங்கலாம். படகுச் செலவு நீங்குவதே சிக்கனத்தின் முதற் காரணம். 1979ஆம் ஆண்டு முதல் அக்கடல் காப்பகமாகப் பேணப்படுகின்றது. வருவோர் அதற்கெனக் கட்டணமும் செலுத்துகின்றனர்.

இனி நம் கடலுக்கு வருவோம். நம் கிழக்குக் கரைக்கும் காற்றே தலைவன். ஆயினும் இங்கே அது பருவந்தோறும் திசை மாறுகின்றது. சோளகம் வீசும் மே முதல் செப்தெம்பர் வரையான காலத்தில் திருக்கோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். வாடை எழும் காலத்திலோ அலை ஓங்கும், நீர் கலங்கும். நாங்கள் மார்கழியிற் சென்றதே எமது முதற் பிழை. முல்லைத்தீவுக் கரை நமக்கு அருகில் உள்ளதாயினும், அது திறந்த கடலை நோக்கிய நெடிய மணற்கரை. அலை நேரே வந்து மோதும் இடம். புதியவர் பழகுதற்கு அது ஏற்றதன்று. ஆகவே நம்மவர் நாடவேண்டிய இடம் நிலாவெளியும் அதன் எதிரேயுள்ள புறாமலையுமேயாம்.

வவுனியாவிலிருந்து ஹொறவப்பொத்தானை வழியாகத் திருக்கோணமலைக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ 95 கிலோமீற்றர் நீளமுடையது. கிளிநொச்சியிலிருந்து வருவோர் முதலில் வவுனியாவை அடைதல் வேண்டும். திருக்கோணமலையிலிருந்து வடக்கே உப்புவெளியைக் கடந்து, ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளி வரும். பஸ் வண்டியிற் செல்வதும், எளிய விடுதியிற் கூட்டமாகத் தங்குவதும், வார இறுதியைத் தவிர்ப்பதும் செலவைக் குறைக்கும் வழிகள்.

புறாமலை கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. மாடப்புறாக்கள் அங்குள்ள பாறைகளில் வாழ்வதாற் பெற்ற பெயர் அது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரிடம் நுழைவுச்சீட்டுப் பெறல் வேண்டும். இலங்கையர்க்கு ஒரு கட்டணமும் பிறநாட்டவர்க்கு அதனின் மிக்க கட்டணமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்கள் இதனைக் கணக்கிற் கொள்க. படகுக் கூலியைப் பலர் பகிர்ந்துகொண்டால் ஒருவர் பங்கு சிறிதாகும். தீவில் இறங்கியபின், பொனயரிற் போலவே மணலிலிருந்து நடந்தே நீருட் செல்லலாம். முழங்கால் அளவு நீரைத் தாண்டியதும் முருகை தொடங்கிவிடும். கிளிமீன்களையும், சிலவேளை கடலாமையையும், கரிய நுனித் துடுப்புடைய சிறு சுறாவையும் காணலாம். அச்சுறா மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் இயல்பினது.

முதல் நாளில் வேண்டுவன கண்ணாடி முகமூடி, மூச்சுக்குழாய், கால் துடுப்பு ஆகிய மூன்றே. நீரின்மேற் குப்புற மிதந்தவாறே கீழே உள்ளதைப் பார்க்கலாம். முகமூடி முகத்துக்குப் பொருந்துகின்றதா என்பதைக் கரையிலேயே சோதித்தல் வேண்டும். அதனை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால், கைவிட்ட பின்னும் அது ஒட்டி நிற்றல் வேண்டும். நீந்த அறியாதவர் மிதப்புச் சட்டை அணியாது இறங்கலாகாது. எவரும் தனியே செல்லலாகாது. நீரோட்டம் இழுத்தால் அதனை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதன் ஓட்டத்தினின்றும் விலகி, அதன் பின்பே கரை திரும்புதல் வேண்டும். என் தோழர் அன்று அறிந்திராதது இதுவே.

காற்று உருளையை முதுகிற் சுமந்து ஆழஞ் செல்லுதல் அடுத்த படியாகும். முன்னாளில் மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர் கல்லொன்றைக் காலிற் கொண்டு, ஒரே மூச்சில் இறங்கி மீண்டனர். சுறாவை மந்திரத்தாற் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்போரையும் உடன் வைத்திருந்தனர். 1943இல் பிரான்சிற் கூஸ்ரோவும் ககுனானும் அமைத்த கருவி, நீருள்ளேயே மூச்சு விடும் வசதியைத் தந்தது. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சீ. கிளாக்கும் அத்தகைய கருவியுடன் திருக்கோணமலையில் சுவாமிமலை அடிவாரக் கடலில் இறங்கினர். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடக்கக் கண்டனர். நம் முன்னோர் வழிபட்ட கோயிலின் எச்சத்தைப் பிறநாட்டவர் வந்து கண்டு சொல்ல நேர்ந்தது. நம்மவர் கடலுட் செல்லாமையும் அதற்கொரு காரணமன்றோ?

பௌதிகம் பயின்றோர் போயிலின் விதியை நினைவு கூர்க. கடலில் 10 மீற்றர் இறங்கினால் அமுக்கம் இரட்டிப்பாகும். வளியின் கனவளவு பாதியாகும். ஆழத்தில் உருளைக் காற்றை நிறைய இழுத்து, மூச்சை அடக்கியவாறு மேலே வந்தால், அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆதலால் மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பதே முதல் விதி. காது வலிக்குமுன் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அமுக்கத்தைச் சமப்படுத்துதல் இரண்டாம் விதி. மெதுவாக, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாது மேலெழுதல் மூன்றாம் விதி. விரைந்தால் இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழாகி ஊறு செய்யும். அதே காரணத்தால், சுழியோடிய பின் ஒரு முழுநாளேனும் விமானம் ஏறாதிருத்தல் நன்று. வெளிநாட்டு அன்பர்கள் இதனைப் பயணத்தின் இறுதி நாளுக்கு ஒத்திவையாதிருப்பாராக.

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பயிற்சி நிலையங்கள் உள்ளன. ஒருநாட் பழக்கத்தில் ஆசிரியர் உடன் இருக்க 12 மீற்றர் வரை இறங்கலாம். மூன்று நான்கு நாட் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டோர்க்கு எல்லை 18 மீற்றர். பத்து வயதுக்குட்பட்டோர்க்குப் பொதுவாக இப்பயிற்சி இல்லை. இழுப்பு, இருதய நோய், காது நோய் உடையோர் வைத்தியரின் இசைவு பெறல் வேண்டும். ஆசிரியரின் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதற்கு எவரும் நாணற்க.

செலவைப் பற்றிய என் கருத்து இதுவே: பஸ்ஸிலும், விடுதியிலும், உணவிலும் சிக்கனம் செய்யலாம், பருவத்திலும், ஆசிரியரிலும், மூச்சுக் கருவியிலும் சிக்கனம் செய்யலாகாது. மலிவான கையில் உயிரை ஒப்படைப்பது சிக்கனமாகாது. முருகையும் ஓருயிரே, அதன்மேற் காலூன்றி நிற்பது பல்லாண்டு வளர்ச்சியை ஒரு கணத்தில் அழிப்பதாகும். 1998இல் கடல் சூடேறி நாட்டின் பிற கரைகளில் முருகை பெருவாரியாக மடிந்தபொழுது, புறாமலைப் பாறை பெருமளவு தப்பிப் பிழைத்தது. அதனை நம் பாதங்கள் அழித்தல் தகுமோ?

2004ஆம் ஆண்டு மார்கழியில் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், நம் கரையோரக் குடும்பங்களிற் கடல் என்ற சொல்லே துயர் தருவதாயிற்று. அத்துயரை எக்கட்டுரையும் மாற்றாது. ஆனால் கடலை அறியாது அஞ்சுவது ஒன்று. அறிந்து அஞ்சுவது மற்றொன்று. பின்னையதே காக்கும். இவ்விழா நினைவாகப் பழைய மாணவர் சங்கம் ஒவ்வோராண்டும் மாணவர்க்கு முறையான நீச்சற் பயிற்சி அளிக்க முன்வருமாயின், அது பல கட்டடங்களினும் மேலான கொடையாகும். என் தோழருக்கு எழுதிய விடையில் இதனையும் சேர்த்திருக்கிறேன். முதலாவது நன்கொடையைத் தாமே தருவதாக அவர் மறுமொழி எழுதியுள்ளார்.