தூண் நிழலும் அரங்கின் ஒளியும்

காவிரி கடலொடு கலக்கும் புகாரில் மாதவி ஆட, குழலும் யாழும் தண்ணுமையும் இசைந்த அரங்கைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை 24 விரல் கொண்ட கோலால் அளக்கிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். விளக்குக்கு அளவோ எண்ணிக்கையோ தரவில்லை. தூண்களின் நிழல் புறத்தே விழுமாறு விளக்கு நிற்க வேண்டும் என்பதே அங்குள்ள குறிப்பு. அந்நிழல் அரங்கிலும் அவையிலும் படலாகாது என உரைமரபு விரிக்கும். இதனை வெறும் அணிநலக் குறிப்பாகக் கொள்வது பொருந்தாது. இது ஒளியின் திசையை வரையறுக்கும் தொழில்விதி. இன்றைய பெருந்திரள் இசைமேடையில் முன்விளக்குகளை இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் உயர்த்தி அமைப்பதும் முகத்தில் விழும் நிழலை ஆளும் முயற்சியே. அன்று தூண் கூரையைத் தாங்கிற்று. திறந்தவெளி மேடையிலோ விளக்குகளைத் தாங்கும் இரும்புச் சட்டகமே தூணாகிப் பார்வையை மறைக்கின்றது.