செய்தி மாதிரி வரும் விளம்பரம்



எங்க ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையிலிருந்து ராத்திரி அப்பா பேப்பர் வாங்கி வருவார். நான்தான் ஆயாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

போன மாதம் ஒரு நாள் "சர்க்கரை நோய்க்கு விடிவு" என்று தலைப்பு. 45 நாளில் மாத்திரையே வேண்டாமாம். ஒரு வைத்தியர் பேட்டி, குணமானவர் போட்டோ எல்லாம் இருந்தது. ஆயா 900 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கச் சொன்னாங்க. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திட்டாங்க. பத்தே நாளில் தலைசுற்றி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 400-க்கு மேல்.

அங்கே நர்ஸம்மா அந்தப் பேப்பரைக் கொண்டு வரச் சொன்னார். வலது மூலையில் எறும்பு சைஸில் "விளம்பரம்" என்று போட்டிருந்தது. எல்லாத்தையும் படிச்ச நான் அந்த ஒரு வார்த்தையைப் படிக்கலை.

செய்தி என்றால் நிருபர் விசாரித்து எழுதுவது. விளம்பரம் என்றால் காசு கொடுத்தவர் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்வது. இரண்டும் படிப்பவருக்குப் பிரிந்து தெரியவேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் விதி. சர்க்கரை, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. அப்புறம் எப்படி வருது என்றுதான் எனக்குப் புரியலை.

மருந்து மட்டும் இல்லை. 2021 ஏப்ரல் 6-ல் நம் சட்டசபைத் தேர்தல். இரண்டு நாள் முன்னால் பல பேப்பர்களின் முதல் பக்கமே செய்தி போல வந்தது. அது அ.தி.மு.க. கொடுத்த விளம்பரம். உத்தரப்பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற எம்.எல்.ஏ., 2007 தேர்தலில் செய்தி போல வரவைத்ததற்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை. 2011-ல் தேர்தல் கமிஷன் அவருடைய பதவியைப் பறித்து, 3 வருஷம் தேர்தலில் நிற்கவும் தடை போட்டது.

பழைய பேப்பர்களை விரித்துப் பார்த்ததில் கொஞ்சம் பிடிபட்டது. செய்தியின் ஆரம்பத்தில் ஊர், தேதி, "நமது நிருபர்" என்று ஏதாவது இருக்கும். விளம்பரத்தில் கடைசியில் செல் நம்பர் இருக்கும். குறை ஒன்றுகூட இருக்காது. எழுத்தும் லேசாக மாறியிருக்கும். சிலதில் "விளம்பரம்" என்று தமிழில்கூட போடாமல் இங்கிலீஷில் நாலே எழுத்துதான்.

ஆயா இப்போ பழைய மாத்திரையே சாப்பிடறாங்க. நான் பேப்பரை எடுத்தாலே, "மூலையில இன்னா போட்டுக்குதுன்னு மொதல்ல பாரு"ங்கறாங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி